மெயில் பெட்டிக்கும் ஓர் அஞ்சறைப் பெட்டி

நம் பாட்டிமார் காலத்தில் வீட்டுக்கு வரும் கடிதங்களை ஒரு கம்பியில் குத்தி, கூடத்துச் சுவரில் மாட்டி வைப்பார்கள். அடியில் ஒரு மரவில்லை, மேலே கொக்கியாக வளைந்த கம்பி. கல்யாணப் பத்திரிகை, வரி ரசீது, மணியார்டர் துண்டு, மகள் எழுதிய இன்லண்ட் லெட்டர் எல்லாமே அதில்தான் தொங்கும். பழையது அடியில், புதியது மேலே. போன வருஷத்து ரசீது வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக உருவி எடுக்க வேண்டும்.

இன்று நம் வீடுகளில் அந்தக் கம்பியின் இடத்துக்கு ஈ-மெயில் வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு, இன்ஷூரன்ஸ் பாலிசி, பாங்க் கணக்கு, பள்ளிக்கூடக் கட்டண ரசீது, பிரிட்ஜ் வாங்கிய பில் என்று எல்லாமே அதில்தான் வந்து சேருகின்றன. காகிதம் கேட்டால், “மெயில்ல வந்துடும்மா” என்று கவுண்ட்டரில் சொல்லிவிடுகிறார்கள். வருகிறது, வாஸ்தவம்தான். ஆனால் சேலைக் கடைத் தள்ளுபடியும் அத்தையின் ஸ்கேன் ரிப்போர்ட்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. கம்பியில் நூறு கடிதம் என்றால் இங்கே பத்தாயிரம்!

“எதுக்கு அடுக்கணும்? தேடினா கிடைச்சிடுமே” என்பார்கள் பிள்ளைகள். தேடினால் கிடைக்கும், சரிதான். என்ன தேடுகிறோம் என்று நமக்குத் தெரிந்திருந்தால்! அடுத்த இரண்டு மாதத்தில் எந்தப் பாலிசி முடிகிறது? அத்தைக்குக் கடைசியாகக் கொழுப்புப் பரிசோதனை செய்தது எப்போது? ஐந்து வருஷப் பாலிசிகளில் நடுவே ஒரு வருஷத்தைக் காணோமா? இதற்கெல்லாம் தேடும் கட்டத்தில் எந்த வார்த்தையைப் போடுவது? விஷயங்களை வரிசையாக நிறுத்தினால்தான் விடுபட்டது எது, நெருங்கி வருவது எது என்று கண்ணில் படும். தேடுவது வேறு, வரிசைப்படுத்தி வைப்பது வேறு. இந்த வித்தியாசம் புரிந்த பிறகுதான் எங்கள் வீட்டு மெயில்களுக்கு ஒரு டேட்டாபேஸ் போட ஆரம்பித்தேன்.

டேட்டாபேஸ் என்றதும் பயப்பட வேண்டாம், சகோதரிகளே. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். விவரங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதி, வேண்டியபோது வேண்டிய வரிசையில் எடுத்துக் கொடுக்கும் நோட்டுப் புத்தகம்தான் அது. இப்படி அட்டவணைகளாக விவரத்தைச் சேர்த்து வைக்கும் முறையை 1970-ல் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த எட்கர் காட் என்ற கணித அறிஞர் எழுதி வைத்தார். பாங்க்குகளும் ரயில்வேயும் அந்த வழியில்தான் கணக்கு வைக்கின்றன. நாம் பால் கணக்குக்குத் தேதி, அளவு, தொகை என்று கோடு போட்டு எழுதுகிறோமே, அதன் பெரிய தங்கைதான் இது.

தேவையான சாமான்கள்

வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருந்தால் போதும். இரண்டு புரோகிராம்கள் வேண்டும். இரண்டுமே இலவசம்.

ஒன்று, தண்டர்பேர்டு. ஜிமெயில் போன்ற எந்த மெயில் கணக்கையும் நம் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து காட்டும். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கணக்கு இருந்தாலும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

இரண்டாவது, லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பில் உள்ள பேஸ் என்ற பகுதி. இதுதான் டேட்டாபேஸ். இடது பக்கத்தில் நான்கு பெயர்கள் இருக்கும். டேபிள் என்பது விவரம் தங்கும் இடம். பார்ம் என்பது விவரத்தை எழுதும் இடம். குவெரி என்பது நாம் கேள்வி கேட்கும் இடம். ரிப்போர்ட் என்பது அச்சடித்து எடுக்கும் இடம். டேபிளும் குவெரியும் பழகிவிட்டாலே முக்கால் கிணறு தாண்டியாயிற்று.

“இதெல்லாம் கம்பெனிக்காரங்க பண்ற வேலை. வீட்டுக்கு எதுக்கு?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஏங்க, மளிகைக் கணக்கு எழுதறது மட்டும் வீட்டு வேலை, இது கம்பெனி வேலையா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் தன் மெயிலையும் சேர்த்துக் கொள்ளச் சொன்னார்.

முதலில் முறம்

அரிசியைப் புடைக்காமல் உலையில் போடுவோமா? மெயிலையும் முதலில் புடைக்க வேண்டும்.

எங்கள் கணக்கில் பதினோராயிரத்துச் சொச்சம் மெயில்கள் இருந்தன. தண்டர்பேர்டில் மெயில் பட்டியலுக்கு மேலே அனுப்பியவர், பொருள், தேதி என்று தலைப்புகள் இருக்கும். அனுப்பியவர் என்ற தலைப்பில் ஒரு தடவை தட்டினால் ஒரே ஆள் அனுப்பியவை எல்லாம் ஒன்றாகக் கூடிவிடும். ஒரு துணிக்கடையிலிருந்து மட்டும் தொள்ளாயிரம் விளம்பரம்! முதல் மெயிலைத் தட்டி, ஷிப்ட் பொத்தானை அழுத்தியபடி கடைசி மெயிலைத் தட்டினால் அத்தனையும் ஒரே பிடியில் வந்துவிடும். அப்படியே குப்பைக்கு அனுப்பலாம். மத்தியானம் அரைமணி நேரம் வீதம் மூன்று வாரம் உட்கார்ந்ததில் வீட்டுக்கு வேண்டியது என்று நின்றவை 618.

இங்கே இரண்டு எச்சரிக்கை. பெரும்பாலான கணக்குகள் தண்டர்பேர்டில் ஐமேப் என்ற முறையில்தான் இணைந்திருக்கும். அப்படி இருந்தால் இங்கே அழிப்பது அங்கேயும் அழிந்துபோகும். ஆகவே வேண்டியவற்றை ‘லோக்கல் போல்டர்ஸ்’ என்ற பகுதிக்கு முதலில் நகல் எடுத்துக் கொண்டு, பிறகுதான் புடைக்க வேண்டும். ஜிமெயில் குப்பைக் கூடையில் போட்டது 30 நாளில் தானாகவே காலியாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது, நிறைய மெயில்களில் ரிப்போர்ட் இருக்காது. ‘இங்கே தட்டி எடுத்துக் கொள்ளவும்’ என்ற வரி மட்டும்தான் இருக்கும். அந்த வாசல் சில நாள் கழித்து மூடிவிடக்கூடும். வந்த அன்றே பி.டி.எப். பைலாக இறக்கி வைத்துவிடுவது நல்லது.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. ஜிமெயிலில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. போட்டோக்களும் டிரைவ் பைல்களும் அதே 15-க்குள்தான் அடங்க வேண்டும். பேரன் பேத்தி வீடியோவில் இடம் நிரம்பிவிட்டால் புது மெயில் உள்ளே வராது. ஆஸ்பத்திரி அனுப்பிய ரிப்போர்ட் திரும்பிப் போய்விடும். அதனால் புடைப்பது அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை.

பத்துக் கட்டங்கள்

வேண்டிய மெயில்களை ஒவ்வொன்றாகச் சேமித்து (பைல் மெனுவில் ‘சேவ் ஆஸ்’), இணைப்பாக வந்த பி.டி.எப்.களையும் சேர்த்து ஒரே போல்டரில் வைத்தேன். பிறகு பேஸில் ஒரு டேபிள் போட்டேன். அதில் உள்ள கட்டங்கள் இவை:

1. வரிசை எண் (இதைக் கம்ப்யூட்டரே போடும்படி ‘ஆட்டோ வேல்யூ’ என்று வைத்துவிட வேண்டும்)
2. விஷயம் நடந்த தேதி
3. மெயில் வந்த தேதி
4. வீட்டில் யாருடையது
5. அனுப்பியவரின் முழு மெயில் முகவரி
6. வகை
7. இரண்டு வரிச் சுருக்கம்
8. அடுத்து செய்ய வேண்டிய தேதி
9. எதுவரை வைக்க வேண்டும்
10. பைலின் பெயர்

தேதிக் கட்டம் எதற்கு இரண்டு என்று கேட்பீர்கள். 2019-ல் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை என் நாத்தனார் 2023-ல்தான் எனக்கு அனுப்பினார். மெயில் தேதிப்படி அடுக்கினால் ஆபரேஷன் 2023-ல் நடந்ததாக ஆகிவிடும். பிறருக்குக் கைமாறி வந்த மெயில்களில் எல்லாம் இந்தக் குழப்பம் உண்டு. டாக்டர் கேட்பது ஆபரேஷன் எப்போது நடந்தது என்றுதானே? அதனால் விஷயத் தேதிதான் முதன்மை.

எட்டாவது கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பாலிசி முடியும் நாள், வாரண்ட்டி முடியும் நாள், அடுத்த பரிசோதனை நாள், வீட்டு வரி கட்டும் நாள் எல்லாம் அதில் ஏறும். அந்தக் கட்டத்தைத் தேதி வரிசையில் அடுக்கினால், வரப்போகும் வேலைகள் ஆடி, ஆவணி என்று காலண்டர் கிழித்த மாதிரி வரிசையாக வந்து நிற்கின்றன.

ஒன்பதாவது கட்டத்தில் வாரண்ட்டி முடியும்வரை, பாலிசி இருக்கும்வரை, என்றென்றைக்கும் என்று ஏதாவது ஒன்றை எழுதுகிறேன். நோய் சம்பந்தப்பட்டதும் வீட்டுப் பத்திரம் சம்பந்தப்பட்டதும் என்றென்றைக்கும். வரிக் கணக்குக்கு மட்டும் ஆடிட்டரைக் கேட்டு எழுதிக் கொண்டேன்.

டேபிளுக்குள் மெயில் இருக்காது, அதன் பைல் பெயர்தான் இருக்கும். நூலகத்தில் அட்டவணை ஓர் இடத்திலும் புத்தகம் அலமாரியிலும் இருப்பது போலத்தான். எனவே பைலுக்குப் பெயர் வைத்த பிறகு அதை மாற்றவும் கூடாது, வேறு போல்டருக்கு நகர்த்தவும் கூடாது.

வரிசை பிசகும் இடங்கள்

நாள்-மாதம்-வருஷம் என்று எழுதுவது நம் பழக்கம். பைல் பெயரில் அப்படி எழுதினால் 05-11-2023 முன்னாலும் 12-01-2022 பின்னாலும் நிற்கும். கம்ப்யூட்டர் இடமிருந்து ஒவ்வோர் இலக்கமாகப் பார்ப்பதால் வரும் வினை. பெயரில் வருஷத்தை முதலில் போட்டு 2022-01-12, 2023-11-05 என்று எழுதினால் தானாகவே சரியாக நிற்கும். டேபிளில் அந்தக் கட்டத்துக்கு ‘எழுத்து’ என்ற வகை வைக்காமல் ‘தேதி’ என்ற வகை வைத்துவிட்டால் அங்கேயும் தொல்லையில்லை.

மெயிலின் பொருள் வரியையும் நம்ப முடியாது. பதில் போட்டால் முன்னால் ‘ரீ’ என்றும், பிறருக்கு அனுப்பினால் ‘எப்.டபிள்யூ.டி.’ என்றும் சேர்ந்து கொள்ளும். ஒரே விஷயம் மூன்று இடத்தில் சிதறிவிடும். ஒரு லாப் ‘உங்கள் ரிப்போர்ட்’ என்று அனுப்பும், இன்னொன்று ‘டெஸ்ட் ரிசல்ட்’ என்று அனுப்பும். அதனால்தான் நம் கையால் எழுதிய இரண்டு வரிச் சுருக்கம்.

வகை என்ற கட்டத்தில் ஒரு நாள் ‘ஆஸ்பத்திரி’, ஒரு நாள் ‘மருத்துவம்’, ஒரு நாள் ‘ஹாஸ்பிடல்’ என்று எழுதினால் கம்ப்யூட்டருக்கு அவை மூன்று வேறு வேறு ஜாதி. மருத்துவம், காப்பீடு, பாங்க், வரி, வீடு, பள்ளி, சாமான், பயணம், குடும்பக் கடிதம் என்று ஒன்பதோடு நிறுத்திக் கொண்டேன். பார்மில் ‘லிஸ்ட் பாக்ஸ்’ வைத்துவிட்டால் பட்டியலிலிருந்து பொறுக்குவதோடு வேலை முடிந்துவிடும். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு ஒரு கிண்ணம்தானே?

தமிழில் பெயர் எழுதி அகர வரிசையில் அடுக்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். நாம் பள்ளியில் படித்தது ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. கம்ப்யூட்டருக்குள் யூனிகோடு எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண் வரிசையில் ‘ற’ என்பது ‘ர’வை அடுத்தும், ‘ன’ என்பது ‘ந’வை அடுத்தும் நிற்கிறது. ‘வ’வோ ‘ழ’வுக்கும் பின்னால் போய்விடுகிறது. சில புரோகிராம்கள் நம் மரபுப்படி அடுக்கும், சில அந்த எண்படி அடுக்கிவிடும். பெயர் காணோமே என்று பதற வேண்டாம், இரண்டு வரி தள்ளிப் பாருங்கள்.

அத்தையின் சர்க்கரைக் கணக்கு

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்டால், இந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே போதும்.

ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பத்து இருபது அளவுகள் இருக்கின்றன. அதையெல்லாம் ஒரே கட்டத்தில் திணித்தால் வரிசைப்படுத்த முடியாது. அதனால் ‘அளவுகள்’ என்று இரண்டாவது டேபிள் ஒன்று போட்டேன். அதில் மெயிலின் வரிசை எண், பரிசோதனையின் பெயர், அளவு என்று மூன்றே கட்டம். மெயில் டேபிளும் இதுவும் அந்த வரிசை எண்ணால் கோத்துக் கொள்ளும். தாய் ஒருத்தி, பிள்ளைகள் பல என்கிற மாதிரி. ‘டூல்ஸ்’ மெனுவில் உள்ள ‘ரிலேஷன்ஷிப்ஸ்’ என்ற இடத்தில் இந்த உறவைக் கோடு போட்டுக் காட்டிவிடலாம்.

எழுதி முடித்துவிட்டு, அத்தையின் பெயருக்கு மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனையை மட்டும் தேதி வரிசையில் கேட்டேன். எச்.பி.ஏ.1.சி. என்று போட்டிருப்பார்களே, அது. கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரிச் சர்க்கரையை அது காட்டும். 5.7-க்குக் கீழே இருந்தால் சாதாரணம். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்திய நிலை. 6.5-ம் அதற்கு மேலும் போனால் சர்க்கரை நோய் என்பது கணக்கு.

திரையில் வந்தது இதுதான்: 2021-ல் 5.8. 2022-ல் 6.0. 2023-ல் 6.1. 2025-ல் 6.4.

மூன்று வெவ்வேறு லாப்களிலிருந்து மூன்று வெவ்வேறு பெயரில் வந்த மெயில்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. வரிசையில் நிற்கும்போது படிக்கட்டு ஏறுகிற மாதிரி இருந்தது. ஒரே தாளில் அச்சடித்து டாக்டரிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு, “நாலு வருஷமா ஏறிக்கிட்டே வருதேம்மா. ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்துச்சு?” என்றார். ரத்தசோகை இருந்தால் இந்த அளவு மாறித் தெரியக்கூடுமாம். அதே டேபிளில் அதுவும் இருந்தது. இன்னொரு தாளைக் கொடுத்தேன். ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தது. மாத்திரை எழுதவில்லை. சாதத்தைக் குறைக்கவும், தினம் நடக்கவும், மூன்று மாதம் கழித்து அதே லாபில் பரிசோதிக்கவும் சொன்னார். லாப் மாறினால் ஒப்பிடுவது கஷ்டம் என்றார்.

“எனக்கு ஒண்ணும் இல்லடி, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லிக் கொண்டிருந்த அத்தை, அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து காப்பிக்குச் சர்க்கரை கேட்கவில்லை. நான் நூறு தடவை சொல்லி நடக்காததை நான்கு எண்கள் நடத்திவிட்டன.

நம் டேட்டாபேஸ் வைத்தியம் பார்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்களை வரிசையாக்குவது நம் வேலை, அதற்கு அர்த்தம் சொல்வது டாக்டர் வேலை. இன்னொன்று, யாருக்காவது ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருந்தால், அதைச் சுருக்கத்தில் முதல் வார்த்தையாக எழுதுங்கள். அவசரத்துக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பாலிசிச் சங்கிலி

மருத்துவக் காப்பீட்டில் இடைவெளி விடாமல் தொடர்ந்து வைத்திருப்பதற்குத்தான் மதிப்பு. 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, தொடர்ந்து 60 மாதம் பாலிசி இருந்துவிட்டால், ‘முன்பே சொல்லவில்லை’ என்று காரணம் காட்டிக் கம்பெனி பணத்தை மறுக்க முடியாது. மோசடி நிரூபணமானால் மட்டும்தான் மறுக்கலாம். முன்பே இருந்த நோய்க்குக் காத்திருக்கச் சொல்லும் காலமும் அதிகபட்சம் 36 மாதம் என்று ஆகியிருக்கிறது.

இந்த 60 மாதம் ஆயிற்று என்று எப்படிக் காட்டுவது? வருஷா வருஷம் மெயிலில் வந்த பாலிசித் தாள்கள்தான் சாட்சி. ‘காப்பீடு’ என்ற வகையை மட்டும் வடிகட்டி, விஷயத் தேதிப்படி அடுக்கினேன். 2019, 2020, 2021, 2023, 2024 என்று வந்தது. 2022 எங்கே? நெஞ்சு திக்கென்றது. அந்த வருஷம் என் வீட்டுக்காரர் கம்பெனியை மாற்றியிருந்தார். பழைய பாலிசியின் தொடர்ச்சி புதிய கம்பெனிக்குப் போயிருந்தது. தாள் வந்தது அவருடைய ஆபீஸ் மெயிலுக்கு. அந்த வேலையை விட்டுவிட்டால் ஆபீஸ் மெயில் நம் கைக்கு வராது. அன்றைக்கே அதை எடுத்து வீட்டுக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, சங்கிலியின் கண்ணியை மாட்டினேன். ‘2022’ என்று நான் தேடியிருந்தால் விளம்பரங்கள்தான் வந்திருக்கும். வரிசையில் நிறுத்தியதால் ஓட்டை தெரிந்தது.

வருஷத்துக்கு ஒரு முறை பணம் கட்டுகிற பாலிசியைப் புதுப்பிக்க 30 நாள் சலுகை உண்டு. ஆனாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். அந்த இடைவெளியில் உடம்புக்கு வந்தால் சிக்கல்தான். எட்டாவது கட்டத்தில் முடியும் தேதிக்கு ஒரு மாதம் முந்திய தேதியை எழுதுங்கள்.

பி.டி.எப்.பைத் திறக்கப் பிறந்த தேதி, பான் எண்ணின் எழுத்துகள் என்று ஏதாவது ஒரு பூட்டு வைத்து அனுப்புவார்கள். எந்த மாதிரிப் பூட்டு என்ற குறிப்பையும் சுருக்கத்தில் எழுதி வையுங்கள்.

கள்ள மெயில் காட்டிக் கொடுக்கும்

அனுப்பியவரின் முழு முகவரியை ஐந்தாவது கட்டத்தில் எழுதியதற்கும் பலன் உண்டு. மெயிலில் பெரிதாகத் தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக் கொள்ளலாம். ‘அட்’ என்ற சுழிக்குப் பின்னால் வருவதைத்தான் பார்க்க வேண்டும். முகவரிப்படி அடுக்கியபோது, பாங்க்கிலிருந்து வந்தவை நாற்பது ஒரே முகவரியில் கூடி நின்றன. ‘உடனே கே.ஒய்.சி. செய்யாவிட்டால் கணக்கு முடங்கும்’ என்ற ஒன்று மட்டும் தனியாக வேறு ஊர்க்காரன் மாதிரி நின்றது. அதைத் தொடவில்லை. பாஸ் புத்தகத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து கேட்டேன், அவர்கள் அனுப்பவில்லை.

வேறு முகவரியில் வந்ததெல்லாம் பொய் என்றும் சொல்ல முடியாது, நிறுவனங்களே இரண்டு மூன்று வைத்திருக்கும். தனியாக நிற்பதைக் கண்டால் கேட்டுவிட்டு நம்புங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

பூட்டும் சாவியும்

பேஸில் போட்ட டேட்டாபேஸ் ஒரே ஒரு பைலாகத்தான் இருக்கும். அதையும் மெயில்கள் உள்ள போல்டரையும் சேர்த்து இரண்டு பென் டிரைவில் மாதம் ஒரு முறை நகல் எடுக்கிறேன். ஒன்று பீரோவில், மற்றொன்று என் தம்பி வீட்டில். லேப்டாப் கெட்டுப்போனாலும் கவலையில்லை. ஏ.டி.எம். எண், பாங்க் பாஸ்வேர்டு ஆகியவற்றை மட்டும் இதில் எழுதவே கூடாது. லேப்டாப்புக்குப் பூட்டு வார்த்தை கட்டாயம் வேண்டும்.

அப்புறம் எதிர்வீட்டு அக்கா. அவர் கணவர் இரண்டு வருஷம் முன்பு மாரடைப்பில் போய்விட்டார். ஒரு நாள் முன்வரை நடமாடிய மனிதர். வீட்டில் எந்தத் தாளும் கிடையாது. பாலிசி, டெபாசிட், வீட்டுக் கடன் எல்லாம் அவருடைய மெயிலில். “அவர்தான் எல்லாம் பார்த்துப்பார், எனக்கு ஒண்ணுமே தெரியாதே” என்று அழுதார் அக்கா. மகன் எப்படியோ கணக்கைத் திறந்து ‘பாலிசி’ என்று தேடினால் நூற்றுக்கணக்கில் விளம்பரங்கள். எது உண்மையில் கட்டிய பாலிசி என்று பிரித்தெடுக்க மாதக்கணக்காயிற்று. துக்கத்தில் இருக்கிறவளுக்கு அந்த அலைச்சலும் சேர வேண்டுமா?

இரண்டு வருஷம் யாரும் திறக்காத தனியார் கணக்குகளை அழித்துவிடலாம் என்று கூகுள் 2023-ல் விதி கொண்டுவந்திருக்கிறது. அந்த வருஷம் டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஒருவர் போன பின்பு அவருடைய மெயில் சும்மா கிடந்தால் ஒரு நாள் அதுவும் போய்விடலாம். இதற்கு அவர்களே ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ என்ற இடத்தில், கணக்கு இத்தனை மாதம் அசையாமல் கிடந்தால் இன்னாருக்குத் தகவல் சொல்லவும், விவரங்களைக் கொடுக்கவும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். நாங்கள் இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் எழுதினோம். மூன்றாவதாக மகள் பெயரையும் சேர்த்தோம். சகுனம் பார்க்கிற விஷயமில்லை இது. நாமினி எழுதுகிற மாதிரிதான்.

ஒவ்வொரு தைக்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து, காப்பீடு, பாங்க், மருத்துவம் மூன்றையும் ஒரு தாளில் அச்சடித்து வாசிக்கிறோம். கம்ப்யூட்டர் தெரியாத அத்தைக்கும் எது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இன்றைக்கே ஆரம்பிக்க

618 மெயிலையும் முடித்துவிட்டுத்தான் பலன் என்று நினைக்காதீர்கள். முதல் வாரம் மருத்துவம் மட்டும். அடுத்த வாரம் காப்பீடு. இந்த இரண்டும் முடிந்தாலே பாதி பாரம் குறைந்துவிடும். மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும். அதன் பிறகு புதிதாக வருவதை ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து நிமிஷம் எழுதினால் போதும், மூட்டை சேராது.

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் இதே பத்துக் கட்டத்தை ஒரு நீள நோட்டில் கோடு போட்டு எழுதலாம். வகைக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கிவிட்டால் தேதி வரிசையும் தானாக அமையும். மெயிலைப் போனில் திறந்து பார்த்து எழுத வேண்டியதுதான். எதில் எழுதினாலும் வீட்டில் இன்னொருவருக்கு அது இருக்கும் இடத்தைக் காட்டி வையுங்கள்.